ஜெலாப்பாங் இறக்கம்

கோலகங்சாரிலிருந்து ஈப்போ வருவோருக்கு, மெனோரா சுரங்கம் தாண்டினால் ஜெலாப்பாங் வரை மலை இறக்கம். விபத்துகளுக்குப் பேர்போன அடிவார டோல் சாவடி 2009இல் மூடப்பட்டது; இறக்கம் அப்படியேதான் இருக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கோளாறு இங்கேதான் வெளிப்படும். இறங்கும்போது பாரம் முன்னே சாயும்; வளைவில் பிரேக் மிதித்தால், இலேசான பின்பக்கம் அலையும்.

பெருஞ்செலவுக்கு முன் டயரின் காற்றையும் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரமும் ஆண்டும். பிறகு சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பேரிங், ஸ்டியரிங் மூட்டுகளைச் சோதியுங்கள். அடுத்து ரப்பர் புஷ்கள். ஓடாமல் நின்ற காரிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும்; தோட்டத்து மக்களுக்குச் சொல்லவா வேண்டும்? அலைன்மென்ட் கடைசியில்தான், தேய்ந்த மூட்டில் அது நிலைக்காது.

அதுவரை கீழ்க் கியரில், மெதுவாக இறங்குங்கள்.