பட்டா இல்லாத மணல்

ராஜபாளையத்துக்காரனுக்கு மேற்கே நிமிர்ந்தால் மலைதான். கடலெல்லாம் லீவுக்குப் போகிற இடம். சிறுசேரியில் வேலை கிடைத்து, கேளம்பாக்கத்தில் ரூம் எடுத்த பிறகுதான் கோவளம் எனக்குப் பழக்கமானது.

சென்னைக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீனவ ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இங்கே துறைமுகம் அமைத்தார். 1752ல் கோட்டையை ராபர்ட் கிளைவ் பிடித்தார். கோட்டை இருந்த இடத்தில் 1974ல் தாஜ் குழுமத்தின் ‘ஃபிஷர்மேன்ஸ் கோவ்’ வந்தது. பெயரில் மீனவர் இருக்கிறார். பிறகு ஈசிஆர், வரிசையாக ரிசார்ட்டுகள். 2013ல் அலைச்சறுக்குத் திருவிழா; அதற்குப் பின்னால் இதே ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் இருந்தார். 2021ல் நீலக்கொடிச் சான்றிதழ்.

எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். வலை இழுத்த வீட்டுப் பையன்கள் பலகையில் நின்று சம்பாதிப்பதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உறுத்துவது வேறு.

எங்கள் பக்கம் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். தெருவுக்கு யாரிடமும் பட்டா கிடையாது. ஆனாலும் வெயில் ஏறும்வரை அது அவர்களுடையது. சைக்கிள்காரர்கூட இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போவார். கோவளத்து மணலும் அப்படித்தான். படகு ஏற்ற, வலை காயப்போட, மீன் ஏலம் விட அதுதான் பட்டறை. காகிதத்தில் மட்டும் புறம்போக்கு. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடை 200 மீட்டர். 2019ல், மக்கள் நெருக்கமுள்ள ஊரகப் பகுதிகளுக்கு அது 50 மீட்டரானது. மீனவர் வீடு கட்டவும் இது உதவும்தான். ஆனால் அந்த மீட்டர்களை விலை கொடுத்து வாங்க யாரால் முடியும்?

வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“ராஜபாளையம்ண்ணே. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்.”

“அங்க கடல் இருக்குதா?”

“இல்லண்ணே, மலைதான்.”

“அதையும் ரூம் கட்டி விக்கிறாங்களா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரிசார்ட் விளம்பரங்களில் கடற்கரை எப்போதும் காலியாகவே இருக்கிறது. நான் பார்த்த மணல் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. நாம் ரூமில் தூங்கி எழுந்து வருவதற்குள் அங்கே ஏலம் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.