யானை வழியில் ஓர் இரவு

உதகமண்டலத்தில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால், ஏரி, தாவரவியல் தோட்டம், தொட்டபெட்டா என்று நேயர்கள் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை எங்கள் கோஷ்டியில் சேர்ந்த நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். அவர் தென் ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்த மனிதர். க்ரூகர் வனத்தில் கூடாரமடித்துப் படுத்து, வேலிக்கு அப்பால் சிங்கம் கர்ஜித்ததைக் கேட்ட கதையைக் குன்னூர் வரும் வரையில் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு 'ஸபாரி' என்று பெயராம். ஸ்வாஹிலி பாஷையில் பிரயாணம் என்று அர்த்தம்.

"நம் ஊரில் அப்படிக் காடே கிடையாதா?" என்று குழந்தைகள் கேட்டார்கள். தேசத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? மறு நாளே முதுமலைக்குப் புறப்பட்டோம்.

கல்லட்டி வழியாகப் போகும் அரசாங்க பஸ், 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. 7,000 அடிக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏறியவர்கள், ஏறத்தாழ 3,000 அடிக்கு வந்ததும் நெற்றி வியர்வையைத் துடைக்கத் தொடங்கினோம். தேயிலையும் யூகலிப்டஸும் மறைந்து, மூங்கிலும் தேக்கும் வந்தன. மசினகுடியைத் தாண்டினால் தெப்பக்காடு. அங்கே மாயாறு ஓடுகிறது.

முதுமலை 1940-ல் வன விலங்குச் சரணாலயமாயிற்று; 2007-ல் புலிகள் காப்பகமாயிற்று. மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோ மீட்டர். ஒரு காலத்தில் துரைமார்கள் இந்த மலைகளில் துப்பாக்கியும் கூடாரமுமாக வந்து ஷிகார் நடத்தினார்கள். அவர்கள் சுட்டுத் தள்ளிய வேகத்தில் மிருகங்கள் அருகிப் போகவே, 1873-ல் காட்டு யானைகளுக்கும், 1879-ல் நீலகிரியின் மற்ற வேட்டைப் பிராணிகளுக்கும் மீன்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. வேட்டைக்குக் கடிவாளம் போட்டது 1972-ம் வருஷத்துச் சட்டந்தான்.

"கூடாரம் அடிக்க எங்கே இடம்?" என்று எங்கள் நண்பர் வனக் காவலரிடம் கம்பீரமாகக் கேட்டார்.

"கூடாரமா? ராத்திரியில் இந்தக் காடு அதுங்களுக்குங்க, ஐயா," என்றார் அவர்.

நண்பரின் முகம் வாடிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் ஒருவர் எங்களை அணுகி, "ராத்திரி பத்து மணிக்கு ஜீப் வருமுங்க. விளக்கடிச்சு யானை காட்டறேன். காட்டாவிட்டால் பணமே வேண்டாம்," என்று காதோடு சொன்னார். குழந்தைகள் குதித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: எங்களுக்கும் சபலம் தட்டிற்று. சாயங்காலம் பதில் சொல்லுவதாகக் கூறி அவரை அனுப்பினோம்.

சாயங்காலம் தெப்பக்காடு யானை முகாமுக்குப் போனோம். 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற படத்தில் பொம்மனும் பெள்ளியும் யானைக் குட்டியை வளர்த்தார்களே, அந்த இடந்தான். கேழ்வரகு, கொள்ளு, அரிசி எல்லாவற்றையும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய உருண்டைகளாக்கி, மாவுத்தர்களும் அவர்களுக்கு உதவியான காவடிகளும் யானைகளின் வாயில் ஊட்டினார்கள். வயதான மாவுத்தர் ஒருவரிடம் ஜீப் சமாசாரத்தை மெதுவாகச் சொன்னோம்.

அவர் கோபிக்கவில்லை. "குட்டியோட தண்ணிக்கு வர்ற யானை, விளக்கைக் கண்டால் திரும்பிப் போயிடுமுங்க. அன்னிக்குத் தண்ணி இல்லை. நீங்க ஒரு நாள் பார்ப்பீங்க; அதுக்குத் தினமும் ஒரு ஜீப்," என்று சொல்லிவிட்டு உருண்டை பிடிப்பதிலே முனைந்தார்.

இந்த இடத்தின் அமைப்பைப் பார்த்தால் அவர் சொன்னதன் பொருள் விளங்கும். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு. வடக்கே மாயாற்றின் பெரும் பள்ளம். மேற்குத் தொடரிலிருந்து கிழக்குத் தொடருக்குப் போகும் யானைகளுக்கு நடுவிலுள்ள ஒடுக்கமான சீகூர்ச் சமவெளிதான் வழி. அதிலேதான் நாம் விடுதிகளையும் மின்சார வேலிகளையும் போட்டோம். 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழி யானைகளுக்கே உரியது என்று உறுதி செய்தது. மூன்று மாதங் கழித்து, 2021 ஜனவரியில், இதே மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை ஒன்றின்மீது நெருப்பை எறிந்தார்கள். அது புண்பட்டுச் செத்தது. இப்படிச் செய்தவர்கள் துரைமார்கள் அல்ல, நம்மவர்கள்.

ஜீப்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வன இலாகா விடுதியில் விளக்கை அணைத்துப் படுத்தோம். நள்ளிரவு இருக்கும். வெளியே மூங்கில் முறிகிற சத்தம்! பிறகு நிதானமான பெருமூச்சு. ஒரு குட்டியின் கீச்சுக் குரல். குழந்தைகள் எங்கள் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. தென் ஆப்பிரிக்கா போய்வந்த நண்பர்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் இலாகா வண்டியில் போனபோது புள்ளி மான்களும் காட்டெருமைகளும் மயில்களும் கண்டோம். யானை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் விடுதி வாசலின் ஈர மண்ணில் முறம் போன்ற பெரிய தடங்களும், பக்கத்திலே சிறு தட்டுப் போன்ற தடங்களும் ஆற்றை நோக்கிச் சென்றிருந்தன.

குட்டி அன்றிரவு தண்ணீர் குடித்திருக்கும். அதைப் பார்க்காமலே வந்ததில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.