சாம்பல் முதலில்

ஃபேண்டஸி ஓவியம் வரைந்து பிழைக்கிற எங்களில் பலர் முதலில் சாம்பலில்தான் வரைகிறோம். டிராகனோ, சூனியக்காரியோ, முழு உருவத்தையும் கறுப்பு வெள்ளையில் முடித்துவிட்டு, அதன் மேல் ‘கலர்’ லேயர், ‘மல்டிப்ளை’ லேயர் என்று அடுக்கி நிறம் ஏற்றுவது வழக்கம். யூடியூபைத் திறந்தால் இந்த முறைதான் திரும்பத் திரும்பக் காதில் விழும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கார்டு கேம்களுக்கும் வெளிநாட்டு நாவல் அட்டைகளுக்கும் அப்படித்தான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன்.

அவர்களில் ஒருவன், கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவன், ஒருநாள் கேட்டான். “இதை யாருண்ணா முதல்ல ஆரம்பிச்சது?”

“பழைய மாஸ்டர்ஸ்தான்” என்றேன்.

“எந்த மாஸ்டர்?”

பதில் தெரியாமல் தூங்கப்போவது எனக்கு ஒத்துவராது. தேட ஆரம்பித்தேன்.

ஐரோப்பிய ஓவியத் தொழிலைப் பற்றிப் படிக்கிற யாரும் முதலில் போய் நிற்கிற இடம் சென்னினோ சென்னினி. 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியில் அவர் எழுதிய கைநூலில் பசை காய்ச்சுவது முதல் தங்கத்தகடு ஒட்டுவது வரை எல்லாம் இருக்கிறது. முகம் வரைவதற்கும் வழி சொல்கிறார். ஆனால் அவர் அடியில் பூசச் சொல்வது சாம்பல் அல்ல, பச்சை மண். அந்தப் பச்சை காய்ந்த பிறகு அதன் மேல் இளஞ்சிவப்பை மூன்று அழுத்தங்களில் ஏற்றி, நிழல் விழும் இடங்களில் மட்டும் பச்சை லேசாகத் தெரியும்படி விட்டுவிட வேண்டும். சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பதால் கன்னம் உயிரோடு துடிக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு படம் இருக்கிறது. மைக்கேலாஞ்சலோ இருபதுகளில் இருந்தபோது தொடங்கி முடிக்காமல் விட்ட ‘மான்செஸ்டர் மடோனா’. நான் பார்த்தது திரையில்தான், ஆனால் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவான படம். நடுவில் மாதாவும் குழந்தைகளும் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் இருக்கிறார்கள். இடது ஓரத்தில் இரண்டு தேவதூதர்களுக்கு வெறும் உருவம் மட்டும். அவர்கள் உடம்பில் அந்தப் பச்சை மண் பூச்சு அப்படியே நிற்கிறது. ஐந்நூறு வருடமாக மேல்பூச்சுக்குக் காத்திருக்கிறார்கள். பட்டறை ரகசியத்தை இதைவிடப் பச்சையாக யாரும் காட்டிவிட முடியாது.

அடுத்தது வான் ஐக். எண்ணெய் ஓவியத்தையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி எழுதிவைத்த கதை இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைச் சுவர்களில் ஏழாம் நூற்றாண்டிலேயே எண்ணெயில் குழைத்த வண்ணம் இருந்ததாக 2008இல் ஆய்வாளர்கள் காட்டியதோடு அந்தக் கதைக்குப் பொருளில்லாமல் போயிற்று. ‘முதல் ஆள்’ என்று யாரையாவது பிடித்து நிறுத்தும் ஆசையை அப்போதே நான் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். வான் ஐக்கின் பலகைகளிலும் வெளிச்சம் வருவது அடியிலிருக்கும் வெள்ளைப் பூச்சிலிருந்துதான். மெல்லிய எண்ணெய் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட, வெளிச்சம் அவற்றுக்குள் புகுந்து வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது. இதைத்தான் கிளேஸ் என்கிறோம். ஃபோட்டோஷாப்பின் மல்டிப்ளை இதைத்தான் நடிக்க முயல்கிறது.

அப்படியானால் சுத்தமான சாம்பல் எங்கிருந்து வந்தது?

சாம்பலில் முழுப்படம் வரைந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் எதற்காக வரைந்தார்கள் என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பதினேழாம் நூற்றாண்டில் வான் டைக், தன் காலத்துப் பெரிய மனிதர்களின் முகங்களைச் செதுக்குப்படத் தொகுப்பாக வெளியிட்டார். அதற்காக எண்ணெயில் சின்னச் சின்னச் சாம்பல் படங்கள் தயாராயின. தாமிரத் தகட்டில் செதுக்குகிறவனுக்கு நிறம் வேண்டாம். எது இருட்டு, எது வெளிச்சம் என்று தெரிந்தால் போதும். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆங்கரின் சாம்பல் ‘ஒடாலிஸ்க்’கூட, செதுக்குபவருக்கு வழிகாட்டத்தான் வரையப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு கருத்து உண்டு. ஆக, இந்தச் சாம்பல், நிறத்துக்கான அடித்தளம் இல்லை, அச்சுக்குப் போகிற படம்.

எங்கள் தொழிலின் நேரடி முன்னோர்களிடம் வந்தால் இது இன்னும் துலக்கமாகிறது. அமெரிக்காவின் ஹோவர்ட் பைல் (1853-1911) ராபின்ஹுட்டுக்கும் ஆர்தர் மன்னனுக்கும் கடற்கொள்ளையர்களுக்கும் முகம் கொடுத்தவர். கொள்ளையன் என்றதும் நம் மனதில் எழுகிற தலைக்கட்டும் இடுப்புத்துணியும் பெருமளவு அவர் உபயம். அவர் இளைஞராக இருந்த காலத்தில் பத்திரிகைப் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். பிறகு ஹாஃப்டோன் பிளாக் வந்தது. ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, புள்ளிகளாக உடைத்து, அப்படியே அச்சில் ஏற்றிவிடலாம். ஆனால் மை கறுப்பு மட்டுமே. எனவே பைல் பெரிய கித்தான்களில், எண்ணெய் வண்ணத்தில், கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்து வரைந்து தள்ளினார். கூடுதலாக ஒரு மைக்குப் பத்திரிகை ஒத்துக்கொண்டால் சிவப்பு சேரும். பிலடெல்பியாவின் டிரெக்சலில் 1894இல் பாடம் எடுக்கத் தொடங்கி, பிறகு வில்மிங்டனில் சொந்தப் பள்ளி வைத்தார். என்.சி. வையத் அங்கே படித்தவர்தான். அவருடைய 1911ஆம் வருடத்து ‘டிரஷர் ஐலண்ட்’ படங்களைப் பார்த்து ஏங்காத ஃபேண்டஸி ஓவியனை நான் சந்தித்ததில்லை. வேல்யூவை, அதாவது இருட்டு வெளிச்சத்தை, முதலில் சரிசெய், நிறம் பிறகு என்று எங்கள் ஆட்கள் இன்றும் சொல்கிற பாடத்துக்குப் பின்னால் இந்தக் கறுப்பு மை நிற்கிறது.

டிரெக்சலில் பைலிடம் கொஞ்ச காலம் உட்கார்ந்தவர்களில் மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷும் ஒருவர். 1922இல் அவர் வரைந்த ‘டேபிரேக்’ அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மாட்டப்பட்ட அச்சுப்படம். நம்மூர் லட்சுமி, சரஸ்வதி காலண்டர்களுக்கு அங்கே சமம் என்றால் அதைத்தான் சொல்லலாம். பாரிஷின் வானத்துக்கு அந்த ஒளி எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வெள்ளைப் பூச்சின் மேல் முதலில் ஒற்றை நிறத்தில் படம், பிறகு வார்னிஷ், அது காய்ந்ததும் ஒரு நிறத்தில் கிளேஸ், மறுபடி வார்னிஷ், இப்படியே ஒவ்வொரு நிறமாக. அடிப்படத்துக்கு அவர் எடுத்தது பெரும்பாலும் அல்ட்ராமரைன் நீலம். இதை நான்கு வண்ண அச்சோடு அவரே ஒப்பிடுகிறார். அச்சகம் ஓவியரிடமிருந்து எடுத்துக்கொண்டதை ஓவியர் அச்சகத்திடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்.

காலண்டர் என்றதும் கோவில்பட்டி ஞாபகம் வராமல் போகுமா? கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்த சாமிப்படங்கள் பக்கத்திலிருந்த சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. அவர்கள் அடிப்பூச்சு ஏதாவது போட்டார்களா என்று விசாரிக்கத்தான் போனேன். விசாரித்த இடத்தில் கிடைத்தது வேறு ஒன்று. ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்குக் கையால் கலர் ஏற்றியே குடும்பம் நடத்தியவர். கடையை மகன் நடத்துகிறார், இவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் டேப்லெட்டில் ஒரு முகத்தைக் காட்டி, சாம்பலுக்கு மேல் நிறம் ஏற்றும் முறையை விளக்கினேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டார்.

“தம்பி, கறுப்புப் பிரின்ட்ல நேரா கலர் ஏத்துனா முகம் பொணம் மாதிரில்ல இருக்கும். செப்பியா பண்ணணும்லா மொதல்ல.”

“ஏன் அண்ணாச்சி?”

“நெழலு மனுச நெறத்துல இருக்கணும். அப்பத்தான் மேல போடுத ரோஸு ஒட்டும்.”

பிரின்டை முதலில் ஒரு மருந்தில் போட்டு வெளுக்கவைத்து, பிறகு சோடியம் சல்ஃபைடில் நனைப்பார்களாம். படம் பழுப்பாகத் திரும்பி வரும். அழுகின முட்டை நாற்றம் தெரு வரைக்கும் அடிக்குமாம். அதன் பிறகுதான் சின்னச் சீசாவில் வரும் போட்டோ கலரைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சால் கன்னத்துக்கும், பொடிப் பிரஷால் உதட்டுக்கும். ஒரே தடவையில் அழுத்திப் போட்டால் திட்டு விழும். தண்ணியாக நாலைந்து தரம் போக வேண்டும். நிழலும் வெளிச்சமும் போட்டோவிலேயே இருக்கிறது, தன் வேலை நிறத்தைக் கட்டுவது மட்டும் என்றார். சென்னினியின் பச்சை, பாரிஷின் நீலம், இவருடைய பழுப்பு. ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாத மூன்று பேரும், மேலே தெரியப்போகும் நிறத்தை மனதில் வைத்துத்தான் அடி நிறத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

சாம்பல் மேல் கிளேஸ் போட்டவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய பேர் போட்டிருக்கிறார்கள். ஆனால் எண்ணெயில் அது தப்பித்துக்கொள்கிறது, திரையில் மாட்டிக்கொள்கிறது. ஏன் என்று பார்க்க வீட்டிலேயே பலகையில் ஜெஸ்ஸோ பூசி, மணல்தாள் போட்டுத் தேய்த்து, ஒரே முகத்தைச் சாம்பல், பச்சை, பழுப்பு என்று வெவ்வேறு அடிகளின் மேல் வரைந்து பார்த்தேன். அது சென்னையின் ஐப்பசி மழைக்காலம். மாங்கனீஸ் இருப்பதால் அம்பர் பழுப்பு சீக்கிரம் காய்ந்துவிட்டது. ஐவரி பிளாக் கலந்த சாம்பல் நாள்கணக்கில் பிசுபிசுவென்று நின்றது.

காய்ந்த கறுப்பின் மேல் டைட்டானியம் ஒயிட்டை மெல்லிசாக இழுத்துப் பாருங்கள். சாம்பல் தெரியாது, நீலம் தெரியும். வெள்ளைத் துகள்கள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் வருகிற விளைவு இது. அதனால் தாடை ஓரத்தில், வெளிச்சம் நிழலுக்குள் திரும்புகிற அந்த விரற்கடை அகலத்தில், ஓவியர் எதுவும் செய்யாமலே ஒரு குளிர்ந்த நிறம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் சூடான கிளேஸ் விழுந்ததும் அது தோலாகிவிடுகிறது. திரையில் கறுப்பின் மேல் வெள்ளையைப் பாதி அழுத்தத்தில் போட்டால் கிடைப்பது அச்சு அசல் சாம்பல்தான். கணினிக்குச் சராசரி எடுக்கத் தெரியும், ஒளியைச் சிதறடிக்கத் தெரியாது. அதன் மேல் ‘கலர்’ லேயரில் ஒரே தோல்நிறத்தைப் போட்டால் நிழல், வெளிச்சம், இடைப்பகுதி எல்லாவற்றுக்கும் ஒரே சாயம். ஆர்ட் டைரக்டர்கள் ‘முகம் மண்ணடித்துக் கிடக்கிறது’ என்று திருப்பி அனுப்புகிற படங்கள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை.

1994இல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பில் லேயர் வந்தது. அச்சுக்காகப் பிறந்த சாம்பலும் நிறத்துக்காகப் பிறந்த அடிப்பூச்சும் அதோடு ஒரே கோப்புக்குள் வந்துவிட்டன. இரண்டும் வேறு வேறு குலம் என்பது அதன் பிறகு யாருக்கும் நினைவில்லை என்றே நினைக்கிறேன்.

கேட்டவனிடம் இவ்வளவையும் சொன்னேன். “அப்புறம் ஏண்ணா நீங்க இன்னும் சாம்பல்ல வரைஞ்சு அனுப்புறீங்க?” என்றான். நியாயமான கேள்வி. பதில் கலையில் இல்லை, பில்லில் இருக்கிறது. ஒரு கேம் கார்டின் மொத்த அகலமே 63 மில்லிமீட்டர். அதற்குள் படத்துக்குக் கிடைப்பது ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். அந்த அளவில் உருவம் தெரிகிறதா என்று கிளையன்ட் பார்ப்பதற்குச் சாம்பலை மிஞ்சி எதுவும் இல்லை. நிறத்தோடு ஸ்கெட்ச் அனுப்பினால், கை எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். அங்கி ஏன் சிவப்பு என்றுதான் கேட்பார்கள். ஸ்கெட்சுக்குத் தனிக் கூலி கிடையாது. பைலுக்கு அச்சகம் எப்படியோ, எனக்கு ஆர்ட் டைரக்டர் அப்படி.

மாற்றிக்கொண்டது ஒன்றுதான். ஒப்புதல் வந்ததும், நிறத்தில் கை வைப்பதற்கு முன், அந்தச் சாம்பலைக் கிரேடியன்ட் மேப்பில் போட்டு மாற்றிவிடுகிறேன். விளக்கு வெளிச்சத்து முகமென்றால் காவிப் பழுப்பு, நிலா வெளிச்சமென்றால் நீலம். இடைப்பகுதியில் மட்டும் துளி பச்சையைக் கையால் சேர்க்கிறேன். இப்போது மேசையில் இருப்பது ஒரு பாதாள ராணி. ஸ்கெட்ச் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அவளுக்கு அடியில் எந்த நிறம் என்று பையன் தேர்ந்து வைத்திருக்கிறான். பச்சையாம். எனக்குப் பழுப்புதான் சரியென்று படுகிறது.