நேர்வழி

கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பூலோவுக்குப் போகும் சாலை 54ஆம் எண் கூட்டரசு சாலை. புக்கிட் ரோத்தானைத் தாண்டி ஈஜோக் வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கமும் செம்மண் பாதைகள் வந்து ஏறும். ஒவ்வொன்றும் ஒரு தோட்டத்தின் வாசல். அதில் ஒன்று எங்களுடையது. தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், நான் எழுதப்போவது எந்தக் குடும்பம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அங்கே நான் 1989இல் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். செக்ரோல் எழுதுவது, சம்பளக் கணக்கு, சந்தாக் கணக்கு. இவை ஆபீஸ் வேலை. ஆபீஸ் மூடிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழை, பிள்ளையின் பள்ளி மாற்றம், போலீஸ் புகாரின் நகல், சொக்சோ படிவம் என்று மலாயில் எழுத வேண்டியதெல்லாம் என் வீட்டு ஐந்தடியில் வந்து உட்கார்ந்துவிடும். கூலி வாங்கியதில்லை. ஆனால் நான் சொன்னால் சட்டம் சொன்ன மாதிரி. அந்த மரியாதையைக் கூலியாக வாங்கிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் அப்பா காலத்துத் தோட்டத்தில் யாரும் சாலையில் செத்ததாக நினைவில்லை. காய்ச்சலில் செத்தார்கள், பாம்பு கடித்துச் செத்தார்கள், சாராயத்தில் செத்தார்கள். வீட்டிலிருந்து பெரட்டுக்கு நடை, பெரட்டிலிருந்து வெட்டுக்கு நடை. பெரிய சாலைக்கு வருவது சம்பள நாளில், பஸ் பிடிக்க. பிறகு கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். இந்த வட்டாரத்துக்குச் செம்பனை புதிதல்ல. மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டதே பக்கத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில்தான். 1917இல் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை வளர்ந்த முதல் தோட்டத்துக்குத் தமிழில் தென்னை மரத்தின் பெயர்! யார் யாருக்கு எதைக் காட்டி என்ன பெயர் கேட்டார்களோ.

செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். எண்பதுகளில் இளவட்டங்கள் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். வீடு தோட்டத்திலேயே, வேலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். ஷிப்டு முடியும் நேரத்தில் பஸ் கிடையாது. அதனால் மோட்டார். முன்பணம் கட்டி, மிச்சத்தை மாதாமாதம் அடைத்து, ஓர் இ.எக்ஸ்.5 வீட்டுக்கு வரும். கோயில் முன் நிறுத்திக் கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில் தொங்கும். 1973லேயே ஹெல்மெட் சட்டம் வந்துவிட்ட நாடு இது. தோட்டத்துக்குள் மட்டும் அது செல்லாது என்று எல்லாரும் மனத்தில் ஒரு தனிச்சட்டம் வைத்திருந்தோம், நானும்தான்.

அந்தச் சந்தியை விவரித்தால்தான் மிச்சம் புரியும். சாலை அங்கே நேர்கோடு. நேர்கோடு என்றால் முந்தலாம் என்று அர்த்தம். செம்பனை மட்டைகள் சாலை ஓரம் வரை நீட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையை மறைக்கும். வெளியூர் டிரைவருக்கு அங்கே ஒரு சந்தி இருப்பதே தெரியாது. குலை ஏற்றிய லோரிகள் பாதையிலிருந்து ஏறும்போது சக்கரத்துச் சேறு தாரில் இறங்கும். உதிரிப் பழம் சிந்தும். அடுத்த சக்கரம் அதை நசுக்கும். மழை பெய்தால் அந்த நூறு அடி எண்ணெய்ச் சட்டி. ஈஜோக் பக்கமிருந்து வந்து தோட்டத்துக்குள் நுழைய வேண்டியவன் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கென்று தனித்தடம் இல்லை. நடுக்கோட்டில் சிக்னல் போட்டு, எதிரே வரும் வண்டிகள் போகும்வரை நிற்க வேண்டும். முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பின்னால் வருவதைப் பார்க்க முதுகில் கண் கிடையாது.

1996இல், தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு காலை, அப்படி நின்றவன்மேல் பின்னாலிருந்து முந்தி வந்த மணல் லோரி ஏறியது. என்னைவிட நான்கு வயது இளையவன். சுங்கை பூலோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. மனைவி ஆறு மாதக் கர்ப்பம். ஹெல்மெட் போட்டிருந்தான், வார்ப்பட்டையும் மாட்டியிருந்தான். போலீஸ் வரும்வரை யாரோ வாழையிலையால் முகத்தை மூடியிருந்தார்கள். முன்கூடையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அப்பம். பை கிழியாமல் இருந்தது.

அப்பம் எங்கே கிடைக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு பாட்டி போடுவார். ஈஜோக்கில் நேராக வராமல் திரும்பிப் போய்வர அரை மணி நேரம். மாசமாக இருப்பவள் கேட்டிருக்கிறாள், பாவம், இவன் வாங்கப் போயிருக்கிறான் என்று சாவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். பாவம் என்ற சொல்லை அன்று யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

பதினாறு முடிந்ததும் அவனுடைய அம்மா வந்தார். கையில் மஞ்சள் உறை.

“தம்பி, சொக்சோவுல காசு வரும்ங்கிறாங்களே. கொஞ்சம் எழுதிக் குடுங்கய்யா.”

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தை வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போன ஒரு தலைமுறைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இருந்ததில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பயணத்தை இடையில் நிறுத்தினாலோ வழி விலகினாலோ அந்தச் சலுகை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

“அம்மா, அவன் நேரா வரலியே. பெர்ஜுந்தைக்குப் போயிட்டுல்ல வந்தான். போலீஸ் ரிப்போட்டுல அப்பம் பாக்கெட்டு எழுதியிருக்கு. கேப்பாங்க. பொய் எழுதினா நாளைக்கு நமக்குத்தான் வம்பு.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. “நீங்க சொன்னா சரிதான் தம்பி” என்று உறையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். என் மனைவி மட்டும் உள்ளேயிருந்து, “கேட்டுப் பாத்தா என்னா, கையையா வெட்டிருவாங்க?” என்றாள். அவளுக்குச் சட்டம் தெரியாது என்று விட்டுவிட்டேன். குழந்தை பிறந்ததும் அந்தப் பெண் காப்பாரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் இந்த நாட்டுச் சாலைகளில் 6,304 பேர் இறந்தார்கள். இந்த எண்ணை நான் வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது, கடைசியில் இருக்கும் அந்த நான்கில் ஒன்று நம் ஆள் என்று அர்த்தமில்லாமல் தோன்றியது.

எண்களைப் பிறகு தேடித்தேடிப் படித்திருக்கிறேன். இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். 2016இல் எண்ணிக்கை 7,152. நோய்க்காலத்தில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த 2021இல்கூட 4,539. அடுத்த வருடமே 6,080. மக்கள் வேலைக்குத் திரும்பினார்கள், சாவும் வேலைக்குத் திரும்பியது. ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. எழுபதுகளிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப்பாதை போட்டார்கள். உலகத்திலேயே அப்படி முதலில் போட்டது நாம்தான் என்பார்கள். 1992இல் பகலிலும் மோட்டார் விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆரம்பத்தில் எதிரே வருகிறவன் கையை விரித்து மூடிக் காட்டுவான், “லைட்டு எரியுது, அணை” என்று. சிரித்துக்கொண்டோம். ஆனால் கண்ணில் படாததால் நடக்கும் மோதல்கள் அதன்பிறகு கணிசமாகக் குறைந்ததைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பல்பு செய்த வேலை! தனிப்பாதை மட்டும் பெருநகரத்தோடு நின்றுவிட்டது. ஈஜோக் சாலைக்கு அது வரவில்லை. எங்கள் பக்கத்து மோட்டார்க்காரனுக்கு இன்றும் கிடைத்திருப்பது சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோடும், அதற்கப்பால் ஒரு முழம் தாரும்தான்.

தோட்டம் கைமாறியதும் நான் ஈஜோக்கில் ஒரு லோரி ஆபீசில் கணக்கெழுதப் போனேன். 2011, கோலாலம்பூர் – கோல சிலாங்கூர் நெடுஞ்சாலை திறந்த வருடம். லோரி ஏன் முந்துகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். டிரைவருக்குச் சம்பளம் டிரிப் கணக்கில். ஒரு நாளைக்கு நான்கு டிரிப் அடித்தால் வீட்டு வாடகை, ஐந்தாவது அடித்தால் பிள்ளைக்குப் பள்ளிச்செலவு. கூடுதல் பாரம் ஏற்றுவது முதலாளிக்கு லாபம், ஐந்தாவது டிரிப்பு டிரைவருக்கு லாபம். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கூடுதல் பாரம் யாருக்கு என்பது எந்த ஏட்டிலும் பதிவாகாது. அந்த ஏட்டை எழுதியவன் நான்தான். 1996இல் அந்த மணல் லோரியை ஓட்டியவனைப் பிசாசு என்று நினைத்திருந்தேன். ஆபீசில் அவனைப் போன்றவர்களோடு தினமும் பசியாறினேன்.

அங்கே இருந்தபோதுதான் ஒரு டிரைவர் வீட்டில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவிக்குத் துணையாகச் சொக்சோ அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். வேலை விபத்து ஒரு திட்டம். இயலாமை ஓய்வூதியம் இன்னொரு திட்டம். இரண்டாவதில், குறிப்பிட்ட மாதங்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஆள் எங்கே, எப்படி இறந்தாலும் வாரிசுக்கு ஓய்வூதியம் உண்டு. வீட்டில் இறந்தாலும் சரி, எந்த வழியில் போய்க்கொண்டிருந்தாலும் சரி. முதல் திட்டத்தில் மறுக்கப்பட்டால்கூட மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது என்றார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் ஐந்து வருடம் சந்தா கட்டியவன். இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. அவன் இறந்த இடம் தோட்டத்துச் சந்தி. பெர்ஜுந்தைக்குப் போயிருந்தாலும் போகாவிட்டாலும் அந்த நடுக்கோட்டில்தான் நின்றிருப்பான். அதை வைத்து யாராவது வாதாடியிருக்கலாம். வாதாடவே இடமில்லாமல் என் வீட்டு ஐந்தடியில் நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவனுடைய அம்மா அதற்குள் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகவரி தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாரில் மூன்று பேரைக் கேட்டால் கிடைக்கும் முகவரி. பதினான்கு வருடம் போனது.

2025 மே 13இல் தெலுக் இந்தானில், சித்திரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் வண்டிமேல் கல் ஏற்றிய லோரி மோதியது. ஒன்பது பேர் போனார்கள். தேர் பார்க்க எங்கள் வீட்டிலிருந்தும் போயிருந்தார்கள். நாங்கள் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுத் திரும்ப, அதற்குக் காவல் நின்றவர்கள் திரும்பவில்லை. அடுத்த மாதம் கிரிக் சாலையில் பஸ் கவிழ்ந்து பதினைந்து மாணவர்கள். தொலைக்காட்சியில் லோரி, பாரம், பெர்மிட் என்று வாரக்கணக்கில் பேசினார்கள். என் மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “இன்னும் எத்தன நாளைக்கு?” என்றாள். எதைக் கேட்கிறாள் என்று தெரியும்.

காப்பாரில் தரைவீடு. வாசலில் ஒரு மோட்டார், மகளுடையது. அவளும் தொழிற்சாலையில்தான், வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு, பெண் என்ன, ஐம்பதைத் தாண்டியவர், என்னை அடையாளம் தெரிந்தது. “வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?” என்றார். தேநீர் ஆறும்வரை சுற்றி வளைத்துப் பேசி, பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு திட்டம், வாரியம், நான் சொன்ன தவறு. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெகு நேரம் கழித்து, “அந்த அப்பத்த நான் கேக்கலண்ணே” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“எனக்கு மசக்கையில அந்தப் புளிச்ச வாடையே ஆவாது. அவருக்குத்தான் அப்பம் உசுரு. மாமியாருக்கும் புடிக்கும். தோட்டமே நான் கேட்டுத்தான் போனாருன்னு சொல்லுச்சு. சாவு வீட்டுல அதுக்குப் பதில் சொல்ல முடியுமா? இருவத்தொம்போது வருசம், எம்மவ கூட அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தா. போன வருசந்தான் சொன்னேன்.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தக் கட்டுரையின் நடுவில் அதை அப்படியே எழுதியுமிருக்கிறேன். அழிக்க மனம் வரவில்லை.

அந்தச் சந்தியில் இப்போது தெருவிளக்கு இருக்கிறது; வலப்பக்கம் திரும்பத் தனித்தடம் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தியபோது போட்டார்கள். அதை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. “அப்பிடியா” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அடியில் அந்த மஞ்சள் உறை. இறப்புப் பத்திரம், போலீஸ் ரிப்போர்ட், சம்பளச் சீட்டுகள்.

“இனிமே என்னா கெடைக்கப்போவுது. ஆனா எழுதுங்க. எழுதாம வுட்டதா இருக்க வேணாம்.”

இவ்வளவு காலம் கழித்து என்ன பதில் வரும் என்று நான் அவருக்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். மேசையைத் துடைத்துக்கொடுத்தார். வேலை முடிந்து புறப்பட்ட நேரம், விபத்து நடந்த இடம், வந்த வழி என்று வரிசையாக எழுதினேன். வந்த வழிக்கு நேரே, ஈஜோக்கில் திரும்பி, பத்தாங் பெர்ஜுந்தை சென்று, மீண்டும் ஈஜோக் வழியாக என்று முழுவதும் எழுதினேன். காரணம் என்று ஓர் இடம் விட்டு, அவரைப் பார்த்தேன்.

“அவரு சாப்புடறதுக்கு” என்றார்.