புள்ளி எழுத்து இல்லையாம்

"ஏங் கண்ணு, சூலூர்னு சரியாத்தான அடிச்சேன்? எழுத்து மட்டும் போடுங்கன்னு சிவப்புல வருது."

அப்பாவின் தறிக் குடோனுக்கு நான் எழுதிக் கொடுத்த கூலிக் கணக்கு புரோகிராம் அது. தறி ஓட்டுகிறவர்களின் பெயர், ஊர், வாரக் கூலி, அவ்வளவுதான். முதல் பதிவிலேயே நின்றுவிட்டது.

அவர் சரியாகத்தான் அடித்திருந்தார். தப்பு என்னுடையது. ஊர்ப் பெயரில் எண் கிண் வந்துவிடக் கூடாதென்று பைதானின் 'இஸ்ஆல்ஃபா'வை வைத்திருந்தேன். கொடுத்த சொல்லில் இருப்பதெல்லாம் எழுத்துதானா என்று பார்க்கிற ஃபங்ஷன். சூலூர் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. ச, ல, ர மூன்றும் 'எழுத்து' வகை. இரண்டு ஊகாரக் குறிகளும் கடைசிப் புள்ளியும் 'மார்க்' வகை, எழுத்தில் சேராது. 'கமல' பாஸ், 'கமலா' ஃபெயில். மெய்யெழுத்துக்குப் புள்ளிதான் அடையாளம் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும் இந்த கதி.

வேடிக்கை என்னவென்றால், அதே பைதானில் சூலூர் என்று ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைக்கலாம். 'இஸ்ஐடென்டிஃபையர்' என்று கேட்டால் 'ட்ரூ' என்கிறது. 2008இல் வந்த பைதான் 3 இதற்கு யூனிகோடின் விதியைத் தழுவிய ஒரு வழியைப் பின்பற்றுகிறது: முதலில் எழுத்து வர வேண்டும், பின்னால் மார்க்குகளும் எண்களும் வரலாம். கோ மொழியிலோ பெயருக்குள் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். அங்கே சூலூர் கம்பைல் ஆகாது. ஒரு பெயர் பேக்கேஜுக்கு வெளியே தெரிய வேண்டுமென்றால் அது பெரிய எழுத்தில் வேறு தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது?

அப்படியென்றால் 'இஸ்ஐடென்டிஃபையர்' போட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. இனிஷியலின் புள்ளியையும் பெயர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் அது விடாது. வேரியபிளின் பெயர் வேறு, மனுசன் பெயர் வேறு. கடைசியில் ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் பார்த்து, எழுத்து, மார்க், இடைவெளி, முற்றுப்புள்ளி நான்கையும் அனுமதித்தேன்.

"இப்பப் போட்டுப் பாருங்கப்பா."

போட்டார். போனது. "ம்ம்" என்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

பத்து வருடத்துக்கு மேலாக கோடு எழுதுகிறேன். என் டெஸ்ட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஜான், மேரி, ஸ்மித், எல்லாம் ஆங்கிலத்தில். முதல் வரியை அழித்துவிட்டு அப்பாவின் பெயரைத் தமிழில் அடித்தேன்.