இறங்கி வந்த குறள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முன்னோர் மொழி. அந்தச் சுவர் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு வருவதைச் சித்திரம் எழுதுபவர் அறியாதிருந்தால் என்ன நேரும்? பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் வாழ்க்கை அவ்வினாவிற்கு விடையாக அமைந்தது.

அந்த ஆசிரியைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பறைக்குள் நுழைந்து, கரும்பலகையின் உச்சியில், மரச்சட்டத்தை ஒட்டியபடி அன்றைய குறளை எழுதிவிடுவார். குறள் உயரத்தில் இருத்தல் வேண்டும்; அதனை மாணாக்கர் தலைநிமிர்ந்து படித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடமாதலால் அந்த முத்தான எழுத்து மாலைவரை அழியாது நிற்கும்.

1998ஆம் ஆண்டில், அவருடைய முப்பத்தெட்டாம் வயதில், விரற்கணுக்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்திற்குக் கைகளை மடக்க இயலாது. வெண்கட்டியைப் பிடிப்பதே வேதனையாயிற்று. மருத்துவர் பரிசோதித்து, முடக்குவாதம் என்றார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைப் பகைவனாகக் கருதித் தாக்கும் நெடுநாள் நோய் அது. பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. ஒரே வாரத்தில் வலி குறைந்தது. வெண்கட்டி மீண்டும் கைக்கு வந்தது. குறள் உச்சிக்கு ஏறியது.

இம்மருந்தினத்தின் வரலாறே வியப்புக்குரியது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாதிருந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் என்பார் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தினார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டில் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. ஆயினும் உடலில் இவ்வகைச் சுரப்பு மிகுந்தால் எலும்பு மெலியும் என்பது புதிய செய்தியன்று. அத்தகைய நோயாளிகளைப் பற்றி ஹார்வி குஷிங் என்னும் அறுவை மருத்துவர் 1932ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அருமருந்தின் ஒரு கையில் வரமும் மறு கையில் கடனும் இருந்தன.

ஆசிரியை அக்கடனை அறியவில்லை. பதினைந்து ஆண்டுகள் மாத்திரை தொடர்ந்தது. மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்காத மருத்துவர் இல்லை; எலும்பு எப்படி இருக்கிறது என்று கேட்ட மருத்துவரும் இல்லை. ஆசிரியையும் கேட்கவில்லை. வலி இல்லாத ஒன்றைப் பற்றி யார்தாம் கேட்பர்?

இதற்கிடையே சிறு சிறு மாறுதல்கள் நிகழ்ந்தன. முன்பு அளவாக இருந்த சேலைக்கரை தரையில் புரண்டது. சேலை கட்டுவதில் கவனம் குறைந்துவிட்டது என்று எண்ணித் தம்மையே நொந்துகொண்டார். குறளும் மரச்சட்டத்தை விட்டுக் கீழே இறங்கியது. தோள்வலிதான் காரணம் என்று தாமே முடிவு செய்துகொண்டார். இரண்டாம் ஆண்டில் அவரிடம் படித்து, ஆறாம் ஆண்டில் மீண்டும் அவர் வகுப்பிற்கு வந்த மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்.

“டீச்சர், முன்னயெல்லாம் குறள் ரொம்ப மேல இருக்குமே. இப்ப ஏன் கீழ வந்துடுச்சு?”

“உனக்கு எட்டட்டும் என்றுதான் ஐயா” என்று சிரித்தார் ஆசிரியை. வகுப்பும் சிரித்தது. மருத்துவமனை காணாத நோயை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டு சொல்லிவிட்டான் என்பது அப்போது எவருக்கும் விளங்கவில்லை.

2013ஆம் ஆண்டில் ஒருநாள், தரையில் இருந்த பயிற்சி நூல்களின் கட்டைக் குனிந்து தூக்கினார். முதுகில் ஏதோ சொடுக்கியது. சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்தார். மூன்று வாரங்களாகியும் வலி தணியவில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, முதுகெலும்பின் இரண்டு கணுக்கள் முன்புறம் நசுங்கி ஆப்பு வடிவாகிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று பழைய முறிவு. அது எப்போது முறிந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தாதியர் உயரத்தை அளந்தனர். 1985ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்தபோது 157 சென்டிமீட்டர், இப்போது 151. குறளுடன் சேர்ந்து ஆசிரியையும் இறங்கியிருந்தார்!

எலும்பு என்பது உயிரற்ற கம்பம் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் அங்கே ஓயாது உழைக்கின்றன. வளர்ந்தோர் உடலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்பு ஆண்டுதோறும் புதிதாகிறது. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் இரத்தத்தில் அச்சத்து ஒரே அளவில் இருத்தல் வேண்டும். அங்கே குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தோட்டத் தொழிலாளி இளமையில் சேமநிதியில் போட்டதை முதுமையில் எடுப்பது போன்றது இது. முப்பது வயதளவில் சேமிப்பு உச்சத்தை எட்டுகிறது. பின்னர்ச் செலவே மிகுதி. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அச்செலவு விரைவுபடுகிறது.

நெடுநாள் நோய் இச்சேமிப்பில் பல வழிகளில் கை வைக்கிறது. முடக்குவாதத்தின் அழற்சியே எலும்பைக் கரைக்கத் தூண்டும். அதற்கு உண்ணும் ஸ்டீராய்டோ எலும்பு கட்டும் அணுக்களைத் தளர்த்தும். குடல் ஈர்க்கும் சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும். சிறுநீரில் வெளியேறுவதைக் கூட்டும். இவ்விழப்பு முதல் சில மாதங்களிலேயே மிக வேகமாக நிகழ்கிறது. ஆதலால் மூன்று மாதங்களுக்கு மேல் இம்மாத்திரை தேவைப்படும் என்றால், எலும்பைக் காக்கும் ஏற்பாடும் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும்.

சிறுநீரகம் பழுதுற்றால் வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவது குன்றுகிறது, பாஸ்பரஸ் தேங்குகிறது. அதனைச் சரிக்கட்டக் கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் எலும்பைக் கரைத்துச் சுண்ணாம்புச் சத்தை வெளிக்கொணர்கின்றன. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் எலும்பு மெலியும்.

இனிப்புநீர் நோயின் செய்தி சற்று விந்தையானது. இரண்டாம் வகை இனிப்புநீரில், அளவுக் கருவி எலும்பு அடர்த்தியாக இருப்பதாகவே காட்டக்கூடும். ஆயினும் எலும்பு எளிதில் முறிகிறது. அடர்த்தி இருந்தும் உறுதி இல்லை. மங்கிய பார்வையும் மரத்துப்போன பாதமும் சர்க்கரை திடீரெனத் தாழ்வதால் வரும் மயக்கமும் கீழே விழச் செய்கின்றன. 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர்க்கு இனிப்புநீர் உண்டு. இந்நிலையில் இஃது எந்தக் குடும்பத்துக்கும் தொலைதூரச் செய்தி ஆகாது.

ஆசிரியைக்கு எலும்பு அடர்த்திச் சோதனை செய்யப்பட்டது. இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு மதிப்பிடும் சோதனை அது. கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை நோய் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வகுத்த அளவு. அவருக்குக் கழித்தல் 3.1 என வந்தது. “இந்தப் பாழும் மாத்திரையை இன்றே விட்டுவிடுகிறேன்” என்றார் ஆசிரியை. மருத்துவர் தடுத்தார்.

“அப்படிச் செய்யாதீர்கள் டீச்சர். நெடுநாள் மாத்திரை உண்ட உடல், தானே அச்சுரப்பைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைப்போம்.”

அவ்வாறே வேறு மருந்தின் துணையுடன் ஸ்டீராய்டு குறைக்கப்பட்டது. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் தரப்பட்டன. எலும்பைக் காக்க வாரம் ஒரு மாத்திரை. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரு குவளை நீருடன் அதனை விழுங்கி, அரைமணி நேரம் படுக்காதிருத்தல் வேண்டும்; இல்லையேல் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அந்த அரைமணி நேரத்தை நின்றவாறே நாளிதழ் படிக்க ஒதுக்கிக்கொண்டார். உணவில் பாலும் தயிரும் நெத்திலியும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இடம்பெற்றன. வெயில் கொளுத்தும் இந்நாட்டிலும் வீட்டிற்குள்ளேயே இருப்போர்க்கு வைட்டமின் டி குறைவு உண்டு என அறிந்து, காலை வெயிலில் நடக்கலானார். குளியலறையில் வழுக்காத விரிப்பும் சுவரில் கைப்பிடியும் வந்தன. இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்று மருத்துவர் சொன்னது அவர் நெஞ்சில் தைத்திருந்தது.

பின்னாளில், தம்மைப் போல் மூட்டுவலியால் துன்புறுவோரைக் கண்டால் அவர் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்பார்: “இரவுச் சந்தையில் விற்கும் பொட்டலம் ஏதும் சாப்பிடுகிறீர்களா அம்மா?” மூட்டுவலிக்கெனப் பதிவின்றி விற்கப்படும் ஜாமு முதலியவற்றில் டெக்சாமெதாசோன் என்னும் வலிய ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதாரத் துறையினர் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளனர். மருத்துவர் தரும் மாத்திரைக்கு அளவு உண்டு, கண்காணிப்பு உண்டு. பொட்டலத்துக்கு இரண்டும் இல்லை.

நசுங்கிய எலும்பு நிமிரவில்லை. இழந்த ஆறு சென்டிமீட்டர் திரும்பவில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓய்வு பெறும்வரை வேறு எலும்பு முறியவில்லை. குறளும் அதற்கு மேல் இறங்கவில்லை.

ஓய்வு பெறும் வாரத்தில் ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்கு அவர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். பிள்ளைகள் வளர்வதைக் கதவு நிலையில் கோடிட்டுக் குறிப்பது பல வீடுகளில் வழக்கம். அக்கோட்டின் அருகிலேயே பாட்டியின் உயரத்தையும் தாத்தாவின் உயரத்தையும் பொங்கல்தோறும் குறித்து வைக்கச் சொன்னார். ஏறும் கோட்டைக் கண்டு மகிழலாம்; இறங்கும் கோட்டைக் கண்டால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். அத்துடன், அவர்கள் நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதிக்கொண்டு போதல் வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட மாணவன் கண்டது நோயைத்தான். அவன் கண்டதைக் கேட்டு நடக்க ஒருவர் இருந்திருந்தால், அந்தக் குறள் இன்னும் சற்று உயரத்திலேயே நின்றிருக்கும்.