ரொமேஷின் அம்மா

ரொமேஷ் ரங்கநாதன் மேடைக்கு வருவதற்கு முன் கணக்கு வாத்தியார். லண்டனுக்குத் தெற்கே கிராலியில், தான் படித்த ஹேசல்விக் பள்ளியிலேயே பாடம் நடத்தியவர். 1978-இல் பிறந்தவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. 2013-இல் எடின்பரோ விழாவின் புதுமுக விருதுப் பட்டியலில் பெயர் வந்தது. அப்புறம் தொலைக்காட்சி, பாஃப்டா விருதுகள், 2021-லிருந்து 'தி வீக்கஸ்ட் லிங்க்', 2024-லிருந்து பிபிசி ரேடியோ 2-இல் சனிக்கிழமை காலை நிகழ்ச்சி. இதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். என் ஆர்வம் அவருடைய அம்மா சாந்தி மேல்தான்.

2015-இல் பிபிசி த்ரீ-யில் 'ஏசியன் ப்ரொவகேட்டர்' வந்தது. வேர் தெரியாத பிள்ளையை இலங்கைக்கு அனுப்பி வைக்கிறது குடும்பம். அவருக்கோ தமிழும் வராது, ஊரும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நிகழ்ச்சியே. மறு வருசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். 2019-இல் 'தி ரங்கநேஷன்' தொடங்கியபோது அம்மாவும் அதில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே மலேசியாவில் ஆங்கில மேடை நகைச்சுவைக்குப் போனால், நம்ம ஆள் ஒருத்தர் மைக்கைப் பிடித்ததும் அப்பா அம்மாவின் இங்கிலீஷைப் பேசிக் காட்டுவார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் சிரிக்கப்படுகிறவர் அந்த அறையில் இல்லை. வீட்டில் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டிருப்பார் (என் அம்மா இன்னும் 'வானொலி ஆறு' என்றுதான் சொல்வார்). ரொமேஷ் என்ன செய்தாரென்றால், கேலிக்கு ஆளானவரையே கேமரா முன்னால் உட்கார வைத்தார். அவர் திருப்பிப் பேசுகிறார். பல இடங்களில் மகனைவிட அம்மாதான் சிரிக்க வைக்கிறார்.

என் அக்கா மகன் இதையெல்லாம் வரிசையாகப் பார்த்து முடித்தவன். பதினேழு வயசு. ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் புரியும், பேச வராது. ஒருநாள் பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இந்தம்மா சிலோன்காரங்களா? நல்லா வாயடிக்குதே" என்றார் அம்மா.

2018-இல் வந்த தன் புத்தகம் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா கிராலி'யில் ரொமேஷ் அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மோசடி வழக்கில் அப்பா சிறைக்குப் போனது, வீடு பறிபோனது எல்லாம். மேடையிலும் சொல்லியிருக்கிறார். எனக்கு உண்மையில் அதிர்ச்சி தந்தது அதுதான். நம் வீடுகளில் இப்படியொன்று நடந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும் சுவர்கூட உயர்ந்துவிடும். இவர் காசு கொடுத்து வந்தவர்களிடம் சொல்கிறார். வீட்டு மானத்தை விற்கிறார் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வராது. ஆனால் அப்பாவை அவர் வில்லனாகவும் ஆக்கவில்லை, தியாகியாகவும் ஆக்கவில்லை. அது லேசுப்பட்ட காரியமில்லை.

பையன் இதைப் பாட்டிக்கு அரைகுறைத் தமிழில் சொன்னான். அவர் முகம் சுளித்தார். "பெத்த அப்பன போயி..."

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "பாட்டி, தாத்தா கடை why close?"

லெபோ பாசாரில் அப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. 1998-இல் மூடினோம். உடம்பு முடியாமல் மூடினார் என்பதுதான் இத்தனை வருசம் குடும்பத்தின் பதில். எனக்குக் காரணம் தெரியும், அம்மா வாயால் கேட்டதில்லை.

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார். கூட்டாளிக்கு ஜாமீன் போட்டது, அவன் ஓடிப்போனது, சாமானைத் தூக்க ஆள் வந்தது, எல்லாம் வந்தது. ஐஸ்பெட்டியைத் தூக்கும்போது உள்ளே தோசை மாவு இருந்ததாம். "இருங்கய்யா, மாவ எடுத்துக்கிறேன், அப்புறம் கொண்டு போங்கன்னேன். அவன் சட்டிய வாங்கிப் பதனமா கீழ வச்சிட்டு, 'ஆண்ட்டி, புளிச்சிருச்சு'ன்றான்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பையன் தரையில் உருண்டான். அப்புறம் என்னிடம் வந்து, ஜாமீன் என்றால் என்ன என்று கேட்டான்.